தொழில்முறை கேமரா எது? திருமண வேலையில் இறங்குபவர் முன் உள்ள நான்கு வழிகள்

பொழுதுபோக்காகப் படம் எடுத்துவந்த ஒருவர், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பார். அந்த ஆல்பத்தைப் பார்த்த வேறொரு குடும்பம் முன்பணத்துடன் வந்து நிற்கும். பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் என்னிடம் கேள்வி வருகிறது: "கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது, புரொஃபஷனல் கேமரா எதை வாங்கலாம்?"

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மண்டபத்தில் உள்ளவர்களுக்குத் தொழில்முறையாகத் தோன்றுவது எது என்பது ஒன்று. தொழிலைத் தாங்குவது எது என்பது மற்றொன்று. தோற்றத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கீழே ஒரு பேட்டரி கிரிப்பை (கூடுதல் பேட்டரி வைக்கும் பிடியை) மாட்டிவிட்டால் மிக மலிவான பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமராவும்) மேடைக்குக் கீழே நிற்பவர்களுக்குப் பெரிய கேமராவாகிவிடும். விலை உயர்ந்த கேனான் லென்ஸில் சிவப்பு வளையம், நிக்கான் லென்ஸில் தங்க வளையம், கேனானின் வெள்ளை நிற டெலி லென்ஸ் (தொலைவை அருகே காட்டுவது) ஆகியவற்றை இன்று சம்பந்தி வீட்டுப் பையன்கள்கூட அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வெயிலில் சூடேறாமல் இருப்பதற்காகத்தான் அந்த வெள்ளை நிறம் பூசப்பட்டது என்பது வேறு விஷயம். உள்ளேயே பொருத்திய ஃபிளாஷும் எல்லாவற்றையும் கேமராவே தீர்மானிக்கும் பச்சை நிற ஆட்டோ நிலையும் இருந்தால் அது அமெச்சூர் கேமரா என்ற நம்பிக்கையும் நெடுநாளாக உலவுகிறது. ஆனால் எத்தனையோ திருமணங்களைச் சுமந்த கேனான் 5டி மார்க் 3இல் பச்சை ஆட்டோ உண்டு. நிக்கான் டி750இல் தலையிலிருந்து எழும் ஃபிளாஷ் உண்டு. மறுபுறம், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் சின்னஞ்சிறு லைக்கா கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர். தம் கையில் கேமரா இருப்பது யார் கண்ணிலும் படக்கூடாது என்பதே அவருக்கு வேண்டியதாக இருந்தது.

எனவே விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன், எவற்றை வைத்து எடைபோடுவது என்பதை முடிவு செய்துகொள்வோம்.

## எடைபோடும் அளவைகள்

முதல் அளவை, மற்ற எல்லாவற்றையும்விட மேலானது: ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் படம் தப்புமா? மூன்று முடிச்சைத் திரும்பப் போடச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் எழுதும் வசதி, கழுத்தில் தொங்கும் இரண்டாவது பாடி, பையில் இன்னொரு ஃபிளாஷ் ஆகிய மூன்றும் இந்த அளவையில் அடங்கும். என் தொடக்க நாள்களில் ஒரு வளைகாப்பின் நடுவே கார்டு பிழை காட்டி நின்றுவிட்டது. மீட்பு மென்பொருளை வைத்து முக்கால்வாசிப் படங்களை எடுத்துவிட்டேன். வளையல் அடுக்கிய வரிசை மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தினர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஃபிலிம் காலத்தில் இரட்டைக் கார்டு ஏது என்று கேட்கலாம். இல்லைதான், ஆனால் அப்போதைய ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு பாடிகளில் ஃபிலிம் ஏற்றி, முக்கியச் சடங்குகளை இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தார்கள்.

இரண்டாவது, வெளிச்சம். கேமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண 18-55 மி.மீ. கிட் லென்ஸ், முழுதாக ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 2.8இல் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 1600 போதுமென்றால், அதே ஷட்டர் வேகத்தில் கிட் லென்ஸுக்கு 6400 தேவைப்படும். ஒளியைப் பதியும் சென்சாரின் பரப்பும் சேர்ந்துகொள்கிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ.; அதைவிடச் சிறிய கேனானின் கிராப் சென்சார் ஏறத்தாழ 22.3 × 14.9 மி.மீ.; பரப்பில் இரண்டரை மடங்குக்கும் அதிகமான வித்தியாசம். விடியற்காலை முகூர்த்தத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, மணமகளின் முகத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்கு இவ்விரண்டுமே காரணம். இவற்றுள் லென்ஸை மாற்றுவது பாடியை மாற்றுவதைவிட மலிவு என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஃபோகஸ். கெட்டிமேளம் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், பத்துக் கைபேசிகள் குறுக்கே நீளும், அட்சதை மழை பொழியும். லென்ஸுக்கு அருகில் விழும் அரிசிமணியைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் முன்னால் ஓடிவிடும் கேமராவும் உண்டு, மணமகனின் கண்ணை விடாமல் பிடித்திருக்கும் கேமராவும் உண்டு.

நான்காவது, கட்டுப்பாடுகள். ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரமும் அபெர்ச்சருக்கு (லென்ஸின் திறப்புக்கு) ஒரு சக்கரமும் தனித்தனியாக இருந்தால், கண்ணை எடுக்காமலேயே இரண்டையும் மாற்றலாம். ஐந்தாவது, மூன்று ஆண்டுகளுக்கு ஆகும் மொத்தச் செலவு; வாங்கும் அன்று தரும் தொகை அதில் ஒரு பகுதிதான். ஆறாவதாக வாடிக்கையாளரின் கண்ணையும் சேர்க்கிறேன். அது அற்பமான அளவைதான் என்றாலும் அடுத்த திருமணம் அந்தக் கண் வழியாகத்தான் வருகிறது.

## வழி ஒன்று: புதிய தொடக்கநிலை கேமரா, கிட் லென்ஸுடன்

கேனான் 1500டி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 24.1 மெகாபிக்சல், ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு மூன்று படங்கள், ஒரே கார்டு, ஒரே சக்கரம். பகல் வெளிச்சத்தில் இதில் எடுத்த படத்தையும் பல மடங்கு விலையுள்ள கேமராவில் எடுத்த படத்தையும் ஆல்பத்தில் அச்சிட்டு அருகருகே வைத்தால் பெரும்பாலானோருக்கு வேறுபாடு தெரியாது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் தெரியும்.

மறைவான செலவுகள் இங்கே சில இருக்கின்றன. இரண்டு லென்ஸ்கள் சேர்ந்த பெட்டியை வாங்குபவர், இரண்டுமே இருட்டில் உதவாதவை என்பதை முதல் ரிசப்ஷனில் கண்டுபிடிப்பார். மறுவிற்பனையில் அவற்றுக்குச் சொற்ப விலைதான் கிடைக்கும். இன்னொன்று பலரும் கவனிக்காதது. 2019இல் வந்த கேனான் 200டி இரண்டாம் பதிப்பில், ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவே இருக்கவேண்டிய தொடர்புப்புள்ளியே கிடையாது. அந்த ஒரு புள்ளியை மட்டும் நம்பி இயங்கும் ஸ்டூடியோ ஃபிளாஷ் டிரிகர்களை (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் கருவிகளை) அதில் மாட்டினால் ஃபிளாஷ் எரியாது. தொழில்முறை என்றும் அமெச்சூர் என்றும் நிறுவனங்களே கோடு கிழிக்கும் இடங்கள் இப்படிப்பட்ட சிறு புள்ளிகளில்தான் இருக்கின்றன; பெட்டியின் மேல் எழுதிய மெகாபிக்சலில் அந்தக் கோடு தெரியாது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர், வெளிப்புறப் படப்பிடிப்பும் பிறந்தநாள் விழாக்களும் மட்டும் எடுப்பவர், வேறொருவருக்குத் துணையாக இரண்டாவது கேமராமேனாகப் போகிறவர். ஏற்கெனவே இதை வாங்கியிருப்பவர் உடனே விற்கவும் வேண்டாம். கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு, கிராப் சென்சாருக்கென வந்த சிக்மா 17-50 எஃப் 2.8 போன்ற ஒன்றை, பழையதாக இருந்தாலும் சரி, மாட்டிப் பாருங்கள். அதே பாடி வேறொரு கேமராவாகும்.

## வழி இரண்டு: பயன்படுத்திய ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்.

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆரிலிருந்து, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறும் ஸ்டூடியோக்கள் பழைய பாடிகளையும் லென்ஸ்களையும் விற்றுவிடுவதால், ஒரு காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்தவை இன்று கைக்கு எட்டுகின்றன. 2012இல் வந்த 5டி மார்க் 3 (22.3 மெகாபிக்சல், 61 ஃபோகஸ் புள்ளிகள்), 2014இல் வந்த டி750 (24.3 மெகாபிக்சல், 51 புள்ளிகள்) ஆகிய இரண்டிலும் இரட்டைக் கார்டு உண்டு, இரட்டைச் சக்கரம் உண்டு. பேட்டரி விஷயத்திலும் இவை சளைத்தவையல்ல: தர அளவீட்டின்படி ஒரு முழு பேட்டரிக்கு முன்னது 950, பின்னது 1230 படங்கள். அதே 2012இல் வந்த கேனான் 6டியும் ஃபுல் ஃப்ரேம்தான். ஆனால் ஒரே கார்டு, 11 புள்ளிகள். சென்சாரின் அளவை மட்டும் பார்த்துத் தொழில்முறை என்று முடிவு கட்டுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பழைய பொருளில் மறைவான செலவுகளுக்குப் பஞ்சமில்லை. 5டி மார்க் 3, டி750 ஆகிய இரண்டின் ஷட்டரும் ஒன்றரை லட்சம் முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டவை. திருமணத்துக்கு மூவாயிரம் படம் என்று கொண்டால், ஐம்பது திருமணத்தில் அந்த எண் வந்துவிடும். அதற்குப் பின்னும் ஓடுபவை உண்டு, முன்பே நிற்பவையும் உண்டு. நிக்கான் கோப்புகளுக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். கேனான் பாடிகள் பெரும்பாலானவற்றில் தனி மென்பொருளையோ சர்வீஸ் சென்டரையோ நாடவேண்டும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். டி750இன் தொடக்கத் தொகுதிகளில் சில பாடிகளை, உள் ஒளிச்சிதறலுக்காகவும் ஷட்டர் கோளாறுக்காகவும் நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. ஒளிச்சிதறலுக்காகச் சரிசெய்யப்பட்டவற்றில் டிரைபாட் திருகும் துளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். 5டி மார்க் 3இன் எஸ்.டி. கார்டுத் துளை யு.எச்.எஸ். எனும் அதிவேகத்தை ஏற்காத பழைய வகை. இரண்டு கார்டிலும் ஒருசேர எழுதச் சொன்னால், தொடர்ந்து எடுக்கும்போது கேமரா மூச்சுவாங்கும். மற்றத் துளைக்கான காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுக்கும் ரீடருக்கும் தனியாகச் செலவழிக்கவும் வேண்டும்.

எல்.இ.டி. விளக்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டையாக விழும். துடிப்பைக் கணித்துப் படமெடுக்கும் வசதியைக் கேனான் 2014இல் 7டி மார்க் 2இல்தான் முதலில் கொண்டுவந்தது. 5டி மார்க் 3இல் அது இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவர் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தோடு வாழப் பழகவேண்டும்.

எதிர்காலமும் ஒரு கவலைதான். கேனானின் டி.எஸ்.எல்.ஆருக்கான ஈ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாக அதன் புதிய மிரர்லெஸ் பாடிகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. நிக்கானில், மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களுக்கு நிக்கானின் சொந்த அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. பிற்பாடு மிரர்லெஸ்ஸுக்கு மாறும் எண்ணமுள்ளவர் லென்ஸ் வாங்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பணத்தோடு முடித்துக்கொள்ள விரும்புபவர், பொருளைச் சோதித்து வாங்கும் பொறுமையுள்ளவர், வீடியோவைவிடப் படமே முக்கியம் என்பவர் ஆகியோருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

## வழி மூன்று: புதிய ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்

ஃபோகஸ் அளவையில் இதற்கு இணை கிடையாது. 2018இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் தலைமுறைக் கேமராவிலேயே 693 ஃபோகஸ் புள்ளிகளும் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் இருந்தன; நொடிக்குப் பத்துப் படம், இரட்டைக் கார்டு, நல்ல பேட்டரி ஆகியவையும் சேர்ந்து அதைத் திருமண வேலைக்கு உரியதாக்கின. அதே ஆண்டில் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். ஆர், நிக்கான் இசட்6 ஆகிய இரண்டும் ஒற்றைக் கார்டோடு வந்து கடும் விமர்சனத்துக்குள்ளாயின. 2020இல் வந்த இசட்6 இரண்டாம் பதிப்பில் நிக்கான் இரண்டாவது துளையைச் சேர்த்தது. பழைய கையிருப்பில் மலிவாகக் கிடைக்கும் மிரர்லெஸ் பாடியைப் பார்ப்பவர் முதலில் திறக்கவேண்டியது கார்டுக் கதவைத்தான்.

நம் வாசகரின் ஒன்றரை லட்சம் பெரும்பாலும் பாடியிலேயே தீர்ந்துவிடும். பிறகு பெட்டியோடு வரும் 28-70 எஃப் 3.5-5.6 லென்ஸே மிஞ்சும். முதல் வழியில் பார்த்த இருட்டு, இங்கே கூடுதல் விலையில் திரும்பி வந்து நிற்கும். நல்ல 24-70 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றின் விலை பாடியின் விலையைத் தொட்டும் தாண்டியும் போகக்கூடும். டாம்ரான் 28-75 எஃப் 2.8 போன்றவை இடைவழி. தவணையில் வாங்குபவர் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அரிது, வங்கிக்கோ ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் மந்திர ஓசைக்கு நடுவே இதமாக இருக்கும்தான், ஆனால் எல்.இ.டி. ஒளியில் முன்சொன்ன பட்டைகள் அதில்தான் மிகுதியாக விழும்.

இவ்வளவும் செலவழித்த பின்னும் கையில் இருப்பது ஒரே ஒரு பாடி. அது கீழே விழுந்தால் விலை உயர்ந்த அமெச்சூராக நிற்கவேண்டியதுதான். ஆண்டுக்குப் பதினைந்து, இருபது திருமணங்கள் உறுதியாக வருகிறவருக்கும், படத்தோடு வீடியோவும் செய்து தருபவருக்கும் இது சரியான முதலீடு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் கேமராமீது கட்டும் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியும். முதல் முன்பணத்தை வாங்கிய கையோடு இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

## வழி நான்கு: வாடகைக்கு எடுத்தல்

வாடகை ஊருக்கு ஊர் மாறும். ஒரு கணக்குக்காக, இரண்டு நல்ல பாடிகளும் ஒரு 24-70 லென்ஸும் நாளுக்கு நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு நாள் எடுத்தால் எட்டாயிரம். ஆண்டுக்கு ஆறு திருமணம் என்றால் நாற்பத்தெட்டாயிரம். அதற்குள் இரட்டைக் கார்டு, இரண்டு பாடி, எஃப் 2.8 எல்லாமே அடங்கிவிடுகின்றன. முதல் அளவையில் இந்த வழி மூன்றாம் வழியையே தோற்கடிக்கிறது.

இதிலுள்ள சிக்கல் முகூர்த்த நாள். வளர்பிறை முகூர்த்தம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. அன்று மாவட்டத்திலுள்ள எல்லாருக்கும் அதே பாடி வேண்டும். சிறிய ஊர்களில் வாடகைக் கடையே இருக்காது. போக்குவரத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். முன்வைப்புத் தொகை, அடையாள அட்டை, சேதமானால் யார் பொறுப்பு என்ற பேச்சு ஆகியவையும் உண்டு. எனக்கு இதிலுள்ள பெரிய அச்சம் வேறு: முந்தைய நபர் மாற்றிவைத்த அமைப்புகள். ஜேபெக் (சுருக்கிய படக்கோப்பு) சிறிய அளவு என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது) என்று நினைத்து முழு ரிசப்ஷனையும் எடுத்திருப்பீர்கள். வாங்கிய உடனே எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, நமக்கு வேண்டியபடி வைக்க அரை மணி நேரம் ஒதுக்கவேண்டும். விரல்களுக்குப் பழகாத பொத்தான்களோடு தாலி கட்டும் நேரத்தில் நிற்பது எளிதல்ல.

## ஒரே பார்வையில்

| அளவை | புதிய தொடக்கநிலை | பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். | புதிய மிரர்லெஸ் | வாடகை |
|---|---|---|---|---|
| கெட்டால் படம் தப்புமா | ஒரே கார்டு, ஒரே பாடி | இரட்டைக் கார்டு. மிச்சப் பணத்தில் துணைப் பாடி | இரட்டைக் கார்டு (பார்த்து வாங்கினால்). ஒரே பாடி | இரண்டும் கிடைக்கும் |
| மண்டப வெளிச்சம் | கிட் லென்ஸோடு மோசம் | நன்று | நல்ல லென்ஸ் இருந்தால் மிக நன்று | மிக நன்று |
| ஃபோகஸ் | போதாது | பழகியவர் கையில் நன்று | மிகச் சிறப்பு | எடுப்பதைப் பொறுத்தது |
| கட்டுப்பாடுகள் | ஒற்றைச் சக்கரம் | இரட்டைச் சக்கரம் | இரட்டைச் சக்கரம் | பழக்கமின்மை ஒரு தடை |
| மறைவான செலவு | ஓராண்டில் மாற்றநேரும் | ஷட்டர், பழைய கார்டு வகை | லென்ஸ், தவணை | முகூர்த்த நெருக்கடி, முன்வைப்பு |
| பார்ப்பவர் கண் | சிறியது | பெரியது, கனமானது | சிறியது, புதியது | விரும்பியபடி |

## கேமராவைப் பிடித்திருக்கும் ஆள்

பார்ப்பவர் கண்ணைக் கேமராவால் மட்டும் நிறைத்துவிட முடியாது. லென்ஸ் ஹுட்டை (லென்ஸின் முன் மாட்டும் ஒளித்தடுப்பை) தலைகீழாக மாட்டியபடியே படமெடுப்பவர், ஒவ்வொரு படத்துக்கும் திரையைக் குனிந்து பார்ப்பவர், கெட்டிமேளம் கேட்டபின் இடம் தேடி ஓடுபவர் ஆகியோரின் கையில் எந்த வளையமிட்ட லென்ஸ் இருந்தாலும், அனுபவமுள்ள ஒரு வீடியோகாரர் அரை நிமிடத்தில் கண்டுகொள்வார். முதல்நாளே மண்டபத்தைப் போய்ப் பார்ப்பது, மணவறையில் மணமகளும் மணமகனும் எந்தப் பக்கம் அமர்வார்கள், பின்னிரண்டு முடிச்சை நாத்தனார் போடும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் உண்டா, அவர் எங்கே நிற்பார் என்று புரோகிதரிடமும் பெரியவர்களிடமும் கேட்டு வைப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. இரண்டு பாடிகளின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைக்காதவர், பிறகு மூவாயிரம் படங்களை வரிசைப்படுத்தும்போது அதற்கான விலையைக் கொடுப்பார்.

சேமிப்புச் செலவைக் கேமரா வாங்கும் எவரும் கணக்கில் எழுதுவதில்லை. ரா கோப்பு ஒன்று சுமார் 30 மெகாபைட் என்று கொண்டால், மூவாயிரம் படங்களுக்கு 90 ஜிகாபைட். இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வைத்தால் 180. பத்துத் திருமணங்களுக்கு ஏறத்தாழ 1.8 டெராபைட். ஆல்பம் குடும்பத்தின் கைக்குப் போய்ச்சேரும்வரை கார்டை அழிக்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் கார்டுகளும் கூடுதலாக வேண்டும்.

## ஒன்றரை லட்சத்தை எப்படிப் பிரிப்பது

ஆண்டுக்கு ஆறுக்கும் குறைவான திருமணங்கள் என்றால், இருக்கும் கேமராவையே வைத்துக்கொண்டு, ஃபிளாஷ் இரண்டும் கார்டுகளும் சொந்தமாக வாங்கி, பாடிகளை வாடகைக்கு எடுங்கள். அதைத் தாண்டும் நிலை தெரிந்தால், பயன்படுத்திய இரட்டைக் கார்டு டி.எஸ்.எல்.ஆர். ஒன்றையும், அதற்கு ஒரு 24-70 எஃப் 2.8 லென்ஸையும் வாங்குங்கள். பாடிக்கு ஆகும் தொகையைவிட லென்ஸுக்குக் கூடுதலாக ஒதுக்கினாலும் தவறில்லை. அடுத்து இரண்டு ஃபிளாஷ், நான்கு பேட்டரி, இரண்டு ஹார்டு டிஸ்க். மிச்சமிருக்கும் தொகையைக் கிரிப்புக்குக் கொடுத்துவிடாமல் இரண்டாவது பாடியின் வாடகைக்காக எடுத்து வையுங்கள்; முன்பணம் வாங்கிய அன்றே, கேமரா வாடகைக் கடைக்கும் அந்த முகூர்த்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.